மூன்றாவது சட்டி

கோப்பாயில் இரத்தினம்மா வீட்டில் மூன்று வகைச் சட்டி இருந்தது. மற்ற வீடுகளில் இரண்டுதான். மரக்கறிக்குச் சைவச் சட்டி, மீனுக்கு மச்சச் சட்டி. வெள்ளிக்கிழமையோ விரத நாளோ வந்தால் மச்சச் சட்டிகளைக் கழுவி வேலியோரம் கவிழ்த்துவிட்டு, சாணி தெளித்து வீட்டை மெழுகி, சைவச் சட்டியை அடுப்பில் ஏற்றுவார்கள். இரத்தினம்மாவின் வேலியில் தனியாக ஒரு சட்டி தொங்கும். அது சைவத்துக்கும் சேராது, மச்சத்துக்கும் சேராது.

அது வந்தது முப்பத்துநாலாம் ஆண்டு ஐப்பசியில்.

இரத்தினம்மா கணவனை இழந்தவள். தோட்டமும் ஒரே மகன் தம்பிராசாவும் முருகன் கோயிலும் என்று வாழ்ந்தவள். அவளுடைய குரல் பக்கத்து வளவுக்குக் கேட்டதில்லை. ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் கிணற்றுத் துலாவைப் போல அவள். மெல்லத்தான் போகும், தண்ணீர் இல்லாமல் மேலே வராது.

தம்பிராசா வயல் விதைப்புக்கு வன்னிக்குப் போய்வருகிறவன். அப்படிப் போன இடத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்துத் தங்கமுத்துவைக் கண்டு, அவளையே கலியாணம் முடித்து வந்தான். ஊரார் அவளைக் "காட்டுப் பெட்டை" என்றார்கள். தம்பிராசாவின் சொந்த மாமி நாகேஸ்வரி, அதுதான் இரத்தினம்மாவின் மச்சாள், அதை முகத்துக்கு நேரேயே சொன்னாள்.

அந்த ஐப்பசியில் தங்கமுத்துவுக்கு மூன்றாம் மாதம். போன வருஷம் தங்கினது பாதியிலேயே கலைந்துபோயிருந்தது. இந்த முறை சோறு கொதிக்கிற மணம் வந்தாலே அவள் சத்தி எடுத்தாள். கஞ்சி நிற்கவில்லை. பழஞ்சோற்றுத் தண்ணீர் நிற்கவில்லை. கை வளையல் முழங்கை வரை ஏறியது. தம்பிராசா விதைப்புக்குப் போயிருந்தான். இரத்தினம்மா வண்டி பிடித்து மருமகளை மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"மருந்தைவிடச் சாப்பாடுதான் முக்கியம். இப்படியே விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதில்லை. வாய்க்கு எது பிடிக்குதோ அதைக் குடுங்கோ" என்றார் டாக்குத்தர் அம்மா.

வீட்டுக்கு வந்து இரத்தினம்மா பாயருகில் குந்தினாள்.

"சொல்லு பிள்ளை, எதிலை மனம் கிடக்குது?"

"ஒண்டுமில்லை மாமி."

"மாங்காய் வெட்டட்டோ? எள்ளுருண்டை பிடிக்கட்டோ?"

தங்கமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஈசல், மாமி. எங்கடை ஊரிலை முதல் மழைக்குப் பிடிச்சு அரிசியோடை வறுப்பினம். அந்த மணம்தான் மூக்குக்குள்ளை நிக்குது." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இரத்தினம்மா எழுந்து கிணற்றடிக்குப் போனாள். ஈசலை அவள் விளக்கடியில்தான் கண்டிருக்கிறாள். விடிய எழும்பிக் கூட்டி அள்ளிக் கோழிக்குப் போடுவாள். கோழி தின்கிறதை இந்தப் பிள்ளை கேட்கிறதே என்று துலாக்கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, முருகனே காட்டுப் பெண் ஒருத்தியைத் தேடிப் போனவர்தானே என்று நினைத்தாள். தினைப்புனத்தில் இருந்தபோது வள்ளியம்மை என்னென்ன சாப்பிட்டாவோ. அதையெல்லாம் கேட்டா சுவாமி கைபிடித்தார்?

திரும்பி வந்தாள். "மழை பெய்யட்டும்" என்றாள்.

கந்தசஷ்டி தொடங்க இரண்டு நாள் இருந்தது. மச்சச் சட்டிகள் வேலியோரம் கவிழ்ந்துவிட்டன. அவற்றைத் தொடமுடியாது. சைவச் சட்டியில் பூச்சி பொரிக்கவும் முடியாது. இரத்தினம்மா திருநெல்வேலிச் சந்தைக்கு நடந்தாள்.

"எதுக்கணை சட்டி? சைவத்துக்கோ மச்சத்துக்கோ?" என்று கேட்டாள் சட்டிக்காரி.

இரத்தினம்மா ஒரு சட்டியைத் தட்டிப் பார்த்தாள். "ரெண்டுக்குமில்லை. நல்லதா ஒண்டு தா" என்றாள்.

வளவு மூலையில் ஒரு புற்று உண்டு. வெள்ளிக்கிழமைகளில் இரத்தினம்மா அதற்குப் பால் வார்ப்பாள். புற்றின் வாயில் பானையைப் புதைத்தால் ஈசல் தானாக விழும் என்று தங்கமுத்து சொன்னாள்.

"நாகதம்பிரான் இருக்கிற இடத்திலை கை வைக்கமாட்டன் பிள்ளை. தானா வெளிச்சத்துக்கு வாறதை எடுப்பன்."

விரதத்தின் இரண்டாம் நாள் பின்னேரம் மழை கொட்டி ஓய்ந்தது. மங்கும் பொழுதில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. இரத்தினம்மா முற்றத்தில் வெள்ளைச் சீலையை விரித்து, நடுவில் அரிக்கன் லாம்பை வைத்தாள். சீலை மறையுமளவுக்கு வந்து விழுந்தது. ஓலைப் பெட்டியில் அள்ளினாள். "முருகா, பொறுத்துக்கொள்" என்று ஒவ்வொரு பிடிக்கும் சொன்னாள். விரதத்துக்குப் பால் மட்டும் குடித்திருந்தவள் குனிந்து குனிந்து அள்ளி முடித்தாள்.

பிறகு, எந்தச் சாமானையும் அடுப்பேற்றுமுன் செய்கிறதையே செய்தாள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் மூன்றுதரம் கழுவினாள். வேலியோரம் மூன்று கல் வைத்து, புதுச் சட்டியில் போட்டு நெருப்பு மூட்டினாள். நனைந்த சிறகெல்லாம் உடம்போடு ஒட்டிக் களியாகிப் புகைந்தது. முடி கருகினதுபோல் நாற்றம்.

நாற்றம் உள்ளே போனது. பாயை விட்டு எழும்பாத தங்கமுத்து சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள்.

"மாமி, உதை ஏன் கழுவினியள்?"

"கழுவாமல் எப்பிடிப் பிள்ளை சமைக்கிறது?"

சட்டியை எட்டிப் பார்த்த தங்கமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அப்படியே நிலத்தில் இருந்தாள். பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாகியது. களி கோழிக்குப் போனது.

அடுத்த நாள் வெயில். அதற்கடுத்த நாளும் வெயில். தங்கமுத்துவின் கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கோயிலில் நின்றபோது இரத்தினம்மா, "சூரனைப் பிறகு பார் அப்பனே, முதலிலை மழையைத் தா" என்று கேட்டாள். கேட்டபின் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விரதத்தின் கடைசி நாளான சூரன் போருக்கு முதல் நாள் மழை வந்தது. இந்த முறை தங்கமுத்து தூணில் சாய்ந்திருந்து சொல்லச் சொல்ல இரத்தினம்மா செய்தாள். தண்ணீர் தொடவில்லை. வெறும் சட்டியில் வறுக்கச் சிறகு தானாகக் கழன்றது. சுளகில் போட்டுப் புடைக்கச் சிறகெல்லாம் பறந்தது. அரிசியையும் செத்தல் மிளகாயையும் வறுத்து, உப்புப் போட்டுச் சேர்த்தாள். எள்ளு வறுக்கிற மாதிரி ஒரு மணம் எழும்பியது. தங்கமுத்து கையை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து நாகேஸ்வரி கோயிலுக்குக் கூப்பிட வந்தாள். நெற்றி நிறைய நீறு.

"என்ன மச்சாள் உது?" குனிந்து பார்த்தாள். "சிவசிவா. சஷ்டி பிடிக்கிற வீட்டிலை பூச்சி வறுக்கிறியளோ? காட்டுப் பெட்டை வந்து வீட்டையும் காடாக்கிப் போட்டாள். ஊருக்குத் தெரிஞ்சால் உங்கடை கையாலை ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடியாயினம்."

நீட்டின கையைத் தங்கமுத்து மடக்கிக்கொண்டாள். "எனக்கு வேண்டாம் மாமி. என்னாலை உங்களுக்கேன் இந்தச் சொல்லு" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

இரத்தினம்மா சட்டியை மூடினாள். குரல் உயரவில்லை.

"விரதம் முடிஞ்சு பாறணைக்கு இஞ்சை வா நாகேஸ்வரி. ரெண்டுபேரும் சேர்ந்து சாப்பிடுவம்."

சூரன் போரன்றும் தங்கமுத்து ஒன்றும் தொடவில்லை. கெஞ்சினாலும் தலையைத்தான் ஆட்டினாள். வாயைத் திறக்கவைக்க ஒரு வழிதான் உண்டு என்று அன்றைக்கே இரத்தினம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் விரதம் முடியவேண்டும்.

மறுநாள் விடிய நாகேஸ்வரி வந்தாள். இரத்தினம்மா சுவாமிக்குப் படைத்து, இருவருக்கும் இலை போட்டாள். முறைப்படி சோறும் கறியும் சாப்பிட்டு எழும்பிக் கைகழுவினார்கள். பிறகு இரத்தினம்மா வேலியடிக்குப் போய் அந்தச் சட்டியை எடுத்துவந்தாள். குசினி அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. விறாந்தையில், தங்கமுத்துவின் பாயருகில் வைத்துவிட்டுக் குந்தினாள்.

"எழும்பு பிள்ளை. இதைப் பார்."

சட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். உள்ளங்கையில் கிடந்ததைப் பார்த்தாள். பிறந்த நாள்தொட்டு இறைச்சி பட்டறியாத வாய். மீனையும் புருஷன் போனபிறகு விட்டிருந்தாள்.

"முருகா" என்று சொல்லி வாய்க்குள் போட்டாள். மென்றாள். முறுமுறு என்றது. முதலில் அரிசி. பிறகு நெய்யோடு சேர்த்து வறுத்த கச்சான் கடலையைப் போல ஏதோ ஒன்று. விழுங்கினாள். இன்னொரு பிடி எடுத்தாள்.

நாகேஸ்வரி வாயில் கை வைத்தபடி நின்றாள். "பிடிச்ச விரதத்தின்ரை பலனெல்லாம் போச்சுது மச்சாள்."

"பலன் இவளின்ரை வயித்திலை கிடக்குது. அதுக்குத்தான் பிடிச்சனான்" என்றாள் இரத்தினம்மா. "இனி ஊர் சிரிக்கிறதெண்டால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். பூச்சி திண்டது நான்."

தங்கமுத்து மெல்ல எழும்பி இருந்தாள். மாமியின் கையையே பார்த்தாள். பிறகு அந்தக் கையிலிருந்தே எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடி மென்றாள்.

"உப்புக் காணாது மாமி."

"விரதத்தோடை எப்பிடியடி உப்புப் பார்க்கிறது?"

தங்கமுத்து இன்னும் எடுத்தாள். இன்னும் எடுத்தாள். பிறகு மூவரும் சத்தி வருமோ என்று பார்த்திருந்தார்கள். வாளியும் தண்ணீரும் பக்கத்தில் தயாராக இருந்தன. நாகேஸ்வரியும் போகவில்லை. பெற்று வளர்த்தவள்தானே அவளும். வெயில் முற்றத்தில் இறங்கி விறாந்தைப் படியில் ஏறியது. வாளி தேவைப்படவில்லை.

"கொஞ்சம் கஞ்சி கிடைக்குமோ மாமி?" என்றாள் தங்கமுத்து.

இரத்தினம்மா எழும்பப் பார்த்தாள். ஆறு நாள் விரதத்தில் கால் வரவில்லை. "இருங்கோ மச்சாள்" என்று நாகேஸ்வரி முந்தானையைச் செருகிக்கொண்டு குசினிக்குள் போனாள். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"கஞ்சிக்கு எந்தச் சட்டியை எடுக்கிறது?"

"சைவத்தை எடு. மற்றது அடுத்த மழைக்கு இருக்கட்டும்" என்றாள் இரத்தினம்மா.