பவளத்துக்கு வடித்த தண்ணீர்

கடல் இல்லாத ஊரில் கடல் வைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இரத்தினபுரி பஜாரில் மீன்கடை வைத்திருக்கிறேன். கறி மீன் இல்லை, கண்ணாடித் தொட்டி மீன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நைட்ரேட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் தண்ணீரில் அது சேரும், கண்ணுக்குத் தெரியாது. மீன் ஓரளவு தாங்கும், பவளம் தாங்காது.

ஓப்பநாயக்க பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி, வரவேற்பறையில் பவளத் தொட்டி வைத்தார்கள். வைத்துக் கொடுத்தவன் நான். கொஞ்ச நாளிலேயே பவளம் வெளுக்கத் தொடங்கியது. சீசனுக்குள் சரியாகாவிட்டால் தொட்டியும் வேண்டாம், நானும் வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் கடை வாடகையே அந்தத் தொட்டியில்தான் நீந்திக்கொண்டிருந்தது.

சாயம்

மேனேஜர் முன்பு தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக, தேநீரின் நிறம் பார்த்துத் தரம் சொல்கிறவராக இருந்தவர். நைட்ரேட் பார்ப்பதற்குச் சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்க வேண்டும். மஞ்சளாக நின்றால் நல்லது. சிவந்தால் ஆபத்து. அவர் முன்னாலேயே குலுக்கினேன். செக்கச்செவேல் என்று ஆனது. தொலைந்தேன் என்று குழாயை நீட்டினேன். அவரோ குழாயை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாயம் அருமையா எறங்கியிருக்கே தம்பி, இதுக்கு மேல ஒங்களுக்கு என்ன வேணும்?"

பசி

ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போதும் என்று சொல்லியிருந்தேன். சமையல்கார மாணிக்கண்ணனுக்கு அது மனசாகவில்லை. குசினிக்குப் போகிற வழியில்தான் தொட்டி. போகும்போது கொஞ்சம் பாண் ரொட்டி, வரும்போது கொஞ்சம் அவித்த முட்டை என்று போட்டிருக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டேன். அம்மன் மேல் சத்தியமாக இனிப் போடமாட்டேன் என்றார். அடுத்த முறை போனால் பவளத்தின் உச்சியில் ஒரு சோற்றுப் பருக்கை. கோபத்தை அடக்கிக்கொண்டு, ஏன் அண்ணே என்றேன்.

"அனே பவ், பாவம் தம்பி, வாயத் தெறந்து தெறந்து மூடுதுங்க. அதப் பாத்துட்டு நான் எப்புடி மத்தவங்களுக்குப் பரிமாறுறது?"

புல்லுவெட்டு

நைட்ரேட்டை உறிஞ்சுவதற்காகத் தொட்டிக்குக் கீழே இருக்கிற பெட்டியில் பச்சைக் கடற்பாசி வளர்த்தேன். கொழும்பிலிருந்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, லைட் போட்டு, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். அதுவும் நன்றாகப் பிடித்து வளர்ந்தது. செல்வி என்ற பெண் அங்கே கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலிருந்து வருகிறவள், கைக்குழந்தைக்காரி, அதற்கு முன் மலையில் தேயிலைக்கு நடுவே களை எடுக்கிற புல்லுவெட்டு வேலை செய்தவள். ஒரு காலையில் பெட்டியைத் திறக்கிறேன், பளிங்கு மாதிரி இருக்கிறது. நான் குனிந்து பெட்டிக்குள் தேடுவதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

"புல்லு மண்டிப்போய்க் கெடந்திச்சிண்ணே. ஒரு வேர் விடல, கங்காணி வந்து பாத்தாக்கூட கொற சொல்ல முடியாது."

ஊற்று

கடைசியாகத் தண்ணீர் மாற்றுவதில் இறங்கினேன். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பங்களாவுக்கு வருகிற ஊற்றுத் தண்ணீரில் உப்புத்தூள் கலந்து ஊற்றினேன். மலையில் பிறக்கிற சுத்தமான தண்ணீர் என்று மேனேஜர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிற ஊற்று. மாற்ற மாற்றக் குழாய் இன்னும் சிவந்தது. ஒருநாள் எரிச்சலில் ஊற்றுத் தண்ணீரையே பிடித்துக் குலுக்கினேன். அதுவும் சிவப்பு!

ஊற்றுக்கு மேலே முழுக்கத் தேயிலை. அங்கே போடுகிற உரம் மழையில் கரைந்து இறங்கியிருக்கிறது. மேனேஜர் உடனே ஃபோனை எடுத்தார். அந்த வாரமே கொழும்பிலிருந்து வடிகட்டி வந்து, பின்னறையில் பூட்டியாகிவிட்டது. இதே தண்ணீர்தானே கீழே லயத்துக்கும் போகிறது என்றேன்.

"அத எஸ்டேட் ஆபீஸ் பாத்துக்கும் தம்பி, நீங்க பவளத்தப் பாருங்க."

கேன்

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த செல்வி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கொதிக்க வைத்தால் போய்விடுமா என்றாள். போகாது என்றேன். பவளம் சாகிற அளவு பெரியவர்களை ஒன்றும் செய்யாது, ஆனால் பால்மா கரைத்துக் குடிக்கிற குழந்தைக்கு எவ்வளவு தாங்கும் என்று என் சின்னக் குழாய் சொல்லாது, மிட்வைஃபிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேள் என்றேன். கேட்டாள். ஆள் வருவார்கள் என்று பதில் வந்தது. "மீன விட எங்க புள்ளைங்களுக்கு ஒடம்பு கெட்டின்னு நெனச்சிட்டாங்க போல" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது குழாய் மஞ்சள். பவளத்துக்கு நிறம் திரும்பிவிட்டது, என் பிழைப்பும் தப்பியது. லயத்துத் தண்ணீரைப் பார்க்க இன்னும் ஆள் வரவில்லை. போன மாதம் காலையிலேயே போனபோது செல்வி பின்னறையில், வடிகட்டியின் குழாயில் ஒரு கேன் பிடித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விடப் போகும்போது, பால் கரைக்கக் கொடுத்துவிடுவாளாம். என்னைப் பார்த்துப் பதறவில்லை, கேனை ஒளிக்கவுமில்லை.

"மீனுக்கு வடிச்சதுதான்ணே. இத்தனையையும் அதுங்களே குடிச்சிருமா?"

ஆகவே, தொழில் தோழர்களே, மழை விடாத அந்த ஊரில் தொட்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு வடித்த தண்ணீர் செலவாகிறது என்று அந்த மேனேஜர் உங்களிடம் கேட்டால், கடல் தண்ணீர் அப்படித்தான் ஆவியாகும் என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.