கேற் இல்லாத கம்பஸ்

பெரியப்பா நம்பும் ஜேர்மன் சாமான்கள் நான்கு: கார், சமையலறைக் கத்தி, சுவரில் துளைபோடும் மெஷின், வலது முழங்காலுக்குள் வைத்த உலோக மூட்டு. அவர் நம்பாத ஒரே ஜேர்மன் சாமான் நான் படித்த பல்கலைக்கழகம்.

அவர் அப்பாவின் மூத்த அண்ணர். கனடாவுக்கு வருமுன் ஜேர்மனியில் ஆற்றங்கரை நகரம் ஒன்றில் அகதியாக இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவியவர். பிறகு இங்கே வந்து அப்பாவையும் கூப்பிட்டு எடுத்து, சென் ஜேம்ஸ் ரவுணில் தன் ஒற்றை அறை அப்பார்ட்மெண்டில் வைத்திருந்தார். அந்த நன்றிக்காக அப்பா அவரை எதிர்த்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. நடந்ததெல்லாம் இதனால்தான்.

முதுகலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது அவர் கோப்பை கழுவிய அதே நகரத்தில். முதல் விடுமுறைக்கு வந்தபோது ஸ்காபரோவில் ஒரு பூப்பு விழா, எங்கள் வழக்கில் சாமத்தியவீடு. சாப்பாட்டு மேசையில், எல்லோருக்கும் கேட்கும்படி பெரியப்பா தொடங்கினார்.

"நான் அங்கை ரெண்டு வரியம் இருந்தனான். எனக்குத் தெரியாத கம்பசோ? அந்த ஊரிலை ஒரு கம்பஸ் கேற்றை நான் கண்டதில்லை. பியர் கொம்பனிக்குக் கூடப் பெரிய வாசல் கேற் இருந்தது."

"கட்டடங்கள் ஊர் முழுக்கப் பரவி இருக்குது பெரியப்பா. அதுக்கு மதிலும் இல்லை, கேற்றும் இல்லை."

"காசும் வாங்கமாட்டினமாம், கேற்றும் இல்லையாம். அப்ப உது ரியூட்டரிதானே பிள்ளை!"

பல்கலைக்கழகம் ரியூஷன் வகுப்பாகிவிட்டதில் மேசை முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்தபடி இருந்தார். நான் சிரித்தவர்களை இருக்கை வரிசைப்படி மனதில் குறித்துக்கொண்டேன்.

அதன்பிறகு 'கேற் இல்லாத கம்பஸ்' என் பட்டப்பெயர் ஆயிற்று. பிறந்தநாள், செத்தவீடு என்று எங்கே போனாலும் யாராவது கேட்பார்கள்: "என்ன, கேற் போட்டிட்டினமோ?" பெரியப்பா தன் போனில் உலகத் தரவரிசையைத் திறந்து முதல் பக்கத்தில் என் பல்கலைக்கழகம் இல்லை என்று காட்டுவார். நான் விளக்கிப் பார்த்தேன். அங்கே பெரிய ஆராய்ச்சிகளில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் தனி ஆய்வு நிலையங்களில் நடக்கிறது. அதில் பலதும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறாது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் புகழ் முழுதாக ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு துறைக்கும், ஒவ்வொரு பேராசிரியருக்கும் தனித்தனியாக இருக்கிறது. உலோகம் ஏன் உடைகிறது என்ற கேள்வி உள்ளவன் எங்கள் ஆய்வுகூடத்தின் கதவைத் தட்டுவான். இதையெல்லாம் மட்டன் ரோல்ஸ் நடுவில் சொல்லி வெல்ல முடியாது.

மற்றவர்கள் கேட்டது என்னைச் சுடவில்லை. அப்பா மாறியதுதான் சுட்டது. "மகள் என்ன செய்யிறா?" என்று யாராவது கேட்டால், "ஜேர்மனியிலை நிக்கிறா" என்பார். படிக்கிறாள் என்ற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது. அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கவேண்டும், போன மாதிரியே சபையில் எடுக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

படிப்பை முடித்து வந்து இங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம். நான் படித்ததே அதுதான்: ஓர் உலோகத் துண்டில் சின்னச் சுமையை மீண்டும் மீண்டும் ஏற்றி, அது எப்போது முறியும் என்று பார்ப்பது.

போன வசந்தத்தில் பெரியப்பா பிக்கரிங்கிலிருந்து மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டுக்கு பட்டர் கேக்கோடு வந்தார். அவருடைய மகள், எனக்குத் தங்கச்சி முறை, இங்கே உயிர்மருத்துவப் பொறியியல் முடித்திருந்தாள். எலும்பில் வைக்கும் உலோகங்களில் ஆராய்ச்சி செய்யவேண்டுமானால் நான் படித்த ஊருக்குப் போ என்று அவளுடைய பேராசிரியரே சொல்லியிருக்கிறார்.

"உன்ரை புரொபெசரிட்டையாம் பிள்ளை. நீ ஒரு சொல்லுச் சொன்னால்…"

"அந்த ரியூட்டரிக்கோ பெரியப்பா?"

அவர் கேக் பெட்டியின் நூலை அவிழ்க்கத் தொடங்கினார். அப்பா தேத்தண்ணி போட எழும்பினார். நான் இருக்கச் சொன்னேன்.

"சொல்லுறன். ஆனால் உங்கடை அறுபதாவது பிறந்தநாளிலை, மைக்கிலை, அது என்ன கம்பஸ், எதிலை பேர் போனது எண்டு நீங்கள் சொல்லவேணும். எல்லாம் நான் பாடமாக்கித் தாறன்."

உண்மையில் தங்கச்சி எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்; என் பேராசிரியருக்கு முதல்நாளே எழுதிவிட்டேன். தங்கச்சி கெட்டிக்காரி, அவளை நான் எதற்குத் தண்டிக்கவேண்டும்? அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். "டோன்ட் ரெல் ஹிம், அக்கா," என்றாள் போனில். "லெட் ஹிம் ஸ்வெட். என்னையும் ரொறொன்ரோவிலை கிடைச்சதைப் படி எண்டுதான் சொன்னவர்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் போனில் ஒப்புவிக்க வைத்தேன். இலேசான பகுதிகளை நான் தெரிவு செய்யவில்லை.

"உலோகக் களைப்பு," என்றேன்.

"இரும்புக்கும் களைக்குமே?"

"கம்பியை அங்காலையும் இங்காலையும் வளைச்சால் முறியுதெல்லோ? பெரிய அடி தேவையில்லை. ஒரே இடத்திலை சின்னச் சின்னதாய் விழுந்தால் போதும். உள்ளுக்கை வெடிச்சுக்கொண்டு வரும், வெளியிலை தெரியாது."

"முந்தியே கண்டுபிடிக்கேலாதோ?"

"அதைத்தான் அங்கை படிப்பிக்கினம். உங்கடை முழங்கால் அப்பிடி முறியக்கூடாது எண்டுதான் நாங்கள் இரவு பகலாய்ச் சோதிக்கிறது. திருப்பிச் சொல்லுங்கோ."

திருப்பிச் சொன்னார். பிழைவிட்டார். முதலில் இருந்து தொடங்கச் சொன்னேன். எனக்கு அந்த ஞாயிறுகள் மிகவும் பிடித்திருந்தன.

பிறந்தநாள் அன்று சாமத்தியவீட்டு மேசையில் இருந்தவர்களில் அநேகர் மண்டபத்தில் இருந்தார்கள். பெரியப்பா கோட் சூட்டோடு மேடையேறி, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். உலோகக் களைப்பு, எலும்பு மூட்டுகளின் மேற்பூச்சு, தேசம் தேசமாக ஆட்கள் வந்து படிக்கும் பழைய கணிதத் துறை. தன் மகள் அங்கே போகிறாள் என்றார். கைதட்டினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம்.

"அந்தக் கம்பசுக்குப் பக்கத்திலைதான் நான் இருந்தனான்," என்றார். "உது பெரிய இடம் எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

கைதட்டல் இன்னும் பலமாக வந்தது. நான் பாடமாக்கிக் கொடுத்த ஒவ்வொரு சொல்லையும் அவர் தன் பையில் போட்டுக்கொண்டு போகப்போகிறார். அவருடைய பெயரைப் பெரிதாக்கத்தானா நான் இவ்வளவும் செய்தேன்?

அப்போது என் பக்கத்துக் கதிரை பின்னால் நகர்ந்தது. அப்பா எழும்பி நின்றார். கையில் மைக் இல்லை. ஆனால் குரல் மேடைவரை போனது.

"அண்ணை, அப்ப கேற் எந்தப் பக்கம் இருந்தது?"

பின் மேசையில் ஒருவர் வெடித்துச் சிரிக்க, அது முன்னுக்குப் பரவியது. பெரியப்பா மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார்.

"கேற் இல்லை," என்றார். "நான் கேற்றைத்தான் தேடினனான். கம்பஸ் எனக்குத் தெரியேல்லை."

அப்பா தலையாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தார். தண்ணீர்க் கிளாசை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அண்ணனைச் சபையில் கேள்வி கேட்டது அவர் வாழ்நாளில் முதல் தடவை.

கோட் எடுக்கும் இடத்தில் தெரியாத ஒரு அன்ரி அப்பாவிடம், "இவ உங்கடை மகளோ?" என்று கேட்டா.

"ஓம். ஜேர்மனியிலை படிச்சவ," என்றார் அப்பா.

வீட்டுக்குப் போகும்போது, பெரியப்பாவை மன்னித்துவிட்டாயா என்று அம்மா கேட்டா. வீடியோக்காரரிடம், அப்பாவின் கேள்வியும் பெரியப்பாவின் பதிலும் உள்ள துண்டை மட்டும் தனியாகக் கேட்டு வைத்திருந்தேன். விடிந்ததும் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், கீழே ஒரு சொல்லும் எழுதாமல்.