ஐம்பத்திரண்டு விநாடிகள்

எங்கள் அலுவலகத்தில் அவரை 'செகண்டு' என்றுதான் கூப்பிடுவோம், முகத்துக்கு நேராகவே. கோபித்துக்கொள்ள மாட்டார். ஏழு வருடமாக எனக்கு அடுத்த மேசை. அதிகம் பேசாத மனுஷி. பேசினால் சுருக்கென்று இருக்கும்.

அந்தப் பெயர் வரக் காரணம் அவருடைய நாத்தனார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் கவுண்டரில் நாத்தனாருக்கு வேலை. அங்கே ஓடுவது நாங்கள் எழுதிய மென்பொருள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் நாத்தனார் பொரிந்து தள்ளிவிட்டார்.

"அண்ணி, உங்க ஆபீஸ்காரங்க ஒருத்தராவது எங்க கவுண்டர்ல வந்து நின்னிருக்கீங்களா? அது திறக்குறதுக்குள்ள நான் தண்ணி குடிச்சிட்டு வந்துடலாம். வரிசையில நிக்கிறவங்க என்னைத்தான் திட்டுறாங்க."

"எங்க ஆபீஸ்ல மூணு செகண்டுல திறக்குதேம்மா."

"அப்போ உங்க ஆபீஸ்லயே மருந்தையும் கொடுத்துடுங்க!"

மறுநாளே செகண்டு அரை நாள் லீவு போட்டுவிட்டு கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றார். அது திறக்க ஐம்பத்திரண்டு விநாடி. அதை மூடித் திறக்கப் பயந்து, மூன்று பேர் ஒரே ஆளின் பாஸ்வேர்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தே பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, காரில் ஏற்றிவந்து தன் மேசையில் வைத்தார். நாங்கள் சிரித்தோம். மேனேஜர் சிரிக்கவில்லை.

"புது கம்ப்யூட்டர் வாங்கிக்கச் சொன்னா முடிஞ்சுது. இதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா?"

"அவங்க வாங்குற வரைக்கும் வரிசையில நிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க, சார்?"

இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது. ஒவ்வொரு விநாடியும் எதற்குப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். இருபது விநாடி, இரண்டு வருடம் முன்பு தூக்கிப்போட்ட ஒரு பிரிண்டரைத் தேடுவதில் போனது. "இல்லாததைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துக்கிட்டிருக்கு, பாவம்!" என்று அவர் சிரித்த சிரிப்பில் மாடியே திரும்பிப் பார்த்தது. ஒன்பதாயிரம் மருந்துகளையும் ஒரே மூச்சில் இழுத்துவருவதற்குப் பதினெட்டு. அடுத்த ஐந்து, முதல் திரையில் சுழலும் படத்துக்கு. அதைச் செய்தவன் நான்.

"அழகாத்தான் இருக்கு," என்றார். "ஆனா அங்க யாரும் அழகு பாக்க வரலையே."

எனக்குச் சுள்ளென்றது. அன்று மாலையே படத்தை நானே எடுத்துவிட்டேன்.

மீதியையும் சுரண்டிச் சுரண்டி நான்கு விநாடிக்குக் கொண்டுவந்தார். கைதட்டினோம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மூன்றாம் நாள் நாத்தனாரிடமிருந்து போன். திரை சீக்கிரம் திறந்ததும் முந்தைய நாள் இருப்பைக் காட்டியிருக்கிறது. புது எண் வந்துசேரச் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில் ஒரு பெரியவரிடம் மருந்து இருக்கிறது என்று நாத்தனார் சொல்லிவிட்டார். பெரியவர் ஒரு மணி நேரம் பில் வரிசையில் நின்றுவிட்டு வந்தால், மருந்து இல்லை.

செகண்டு பையை எடுத்துக்கொண்டு ஓடினார். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இவங்க மேல தப்பில்லைங்க ஐயா. நான் செஞ்ச தப்பு."

"யார் தப்பா இருந்தா என்னம்மா? மருந்து எங்க கிடைக்கும், அதைச் சொல்லு."

நான்கு கடைகளுக்குப் போன் போட்டுப் பார்த்து, ஐந்தாவது கடையில் இருப்பதாகத் தெரிந்ததும் தானே போய் வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தார்.

திரும்பிவந்து மென்பொருளை மறுபடி எழுதினார். மருந்தின் பெயர் உடனே வரும். சரியான எண் வரும்வரை இருப்புக் கட்டம் காலியாகவே இருக்கும். மொத்தம் ஆறு விநாடி.

"நாலுன்னு சொல்லிட்டோமே," என்றார் மேனேஜர்.

"ஆறுதான் சார். நாலு வேணும்னா நேத்து நம்பரைத்தான் காட்டணும்."

ஆறு விநாடியுடனேயே அது ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே இப்போது ஒவ்வொருவரும் தங்கள் பாஸ்வேர்டில்தான் திறக்கிறார்கள். படிக்கட்டுவரை நின்ற மத்தியான வரிசை ஹாலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறதாம்.

அந்த வருடம் இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகள் அவரைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டன. எங்கே போனாலும் முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். வரிசையில் போய் நிற்பார். போன மாதம் என்னையும் கூட்டிப்போனார். இரண்டு மணி நேரத்தில் எனக்குக் கால் கடுத்துவிட்டது.

"கொஞ்சம் உக்காரலாமா?" என்றேன்.

"நம்ம முறை வரட்டும்," என்றார்.