கூப்பிட்ட குரலுக்கு வந்த நாய்

நாய்க்கடிக்கு ஊசி போடும் வரிசையில் நின்றுகொண்டு, என்னைக் கடித்தது மனிதன் என்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய, ஊராருக்கு ஆயுள் காப்பீடு எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிற, வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற ஒருவன் செய்யத்தக்க காரியம் அல்ல அது. நர்ஸம்மா தலை நிமிராமல், நாயா குரங்கா என்று கேட்டார். மனுஷன் என்றேன். நிமிர்ந்தார். வரிசையும் மொத்தமாக என் பக்கம் சாய்ந்தது.

“கடிச்சது இன்னும் உயிரோட கீதா?” என்றார். நாய்க்கடியோடு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது. இருக்கிறார், இந்நேரம் தறியில் உட்கார்ந்திருப்பார் என்றேன். பத்து நாள் அவரைக் கவனித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். கவனித்தேன். கெடு முடிந்த பிறகும் நன்றாகவே இருந்தார்.

கடித்தவர் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிற நெசவாளி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். தவறு அவருடையது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரணியில் எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு போடுவார்கள். சேலையின் நீளவாக்கில் ஓடப்போகும் பட்டு இழைகளைத் தறிக்கு ஏற்றும் முன், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, மூங்கில் கழிகளின் மேல் விரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தெளித்து உலர வைப்பார்கள். இடுப்புயரத்துக்கு வண்ணத்தில் ஒரு வாய்க்கால் போலக் கிடக்கும். தெரு இரண்டாகிவிடும். அந்த நேரத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரை இந்தப் பக்கத்திலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் ஆள் ஏதோ யோசனையில் நேராக வந்துவிடுவார் என்ற பயம். எவ்வளவு அவசரமானாலும் கோடிவரை நடந்து, சுற்றி வந்து, பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரரின் தம்பி செத்துப்போன செய்தியை அவருக்கு அப்படிச் சுற்றி வந்துதான் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து நான் அறிந்த வழக்கம். நாயையும் கூப்பிடக்கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

செம்பட்டை நிறத்துப் பெட்டை நாய். தெருவில் பிறந்தது. பெயரெல்லாம் இல்லை, ‘வாடி’ என்றால் என்னிடம் வரும். அன்று திங்கட்கிழமை. முந்தின நாள் கறிக்குழம்பின் எலும்புகளைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். நாய் பாவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது. வாடி என்றேன். அதுவாவது புத்தியோடு குனிந்து இழைகளுக்கு அடியில் நுழைந்தது. நான் ஓர் எலும்பை உயர்த்திக் காட்டினேன். அடியிலிருந்து மேலே எம்பியது.

பட்டு இழை அறுகிற சத்தம் மெல்லியது. நாய் பாவுக்குள் கழுத்துவரை போய்ச் சிக்கிக்கொண்டு, உதறி, உருண்டு, இரண்டு மூங்கில் கழிகளைச் சாய்த்தது. நெசவாளி ஒரு கழியை உருவி அதன் முதுகில் இறக்கினார். ஓட முடியாத உயிரை அடிப்பதை நான் அதற்கு முன் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. நாய் கத்திய கத்தல் ஒரு கட்டத்தில் நாயின் குரலாக இல்லை. அடுத்த அடி தலையில் விழுந்து காது கிழிந்தது. மாம்பழ மஞ்சள் பாவில் ரத்தம் தெறித்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் ஆத்திரம். அவர் தம்பி உள்ளே ஓடி உலக்கையை எடுத்து வந்தான். நான் பின்னாலிருந்து நெசவாளியின் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தேன். இரண்டு கையும் போய்விட்ட மனிதனிடம் மிச்சமிருப்பது பல்தான். என் முன்கையில் பதித்தார்.

அடியை நிறுத்தியது நான் அல்ல, அவர் மனைவி. “அட்ச்சா ஒதறுது, ஒதறினா இன்னும் அறுவுது. கழிய கீழ போடுய்யா” என்றார். இரக்கத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நாயின் மூஞ்சியை முழங்காலால் தரையோடு அழுத்திப் பிடித்து, இழை இழையாகப் பிரித்தெடுத்தார். நாய் உறுமிக்கொண்டே கிடந்தது. கடைசி இழை வந்ததும் வயிற்றில் ஓர் உதை விட்டார். அது நேராக என் ஸ்கூட்டருக்கு அடியில் போய் விழுந்தது.

நெசவாளி வாயைத் துடைத்துக்கொண்டார். அதில் இருந்தது என் ரத்தம்.

“கூப்ட்டவன ஒண்ணும் பண்ண முடியாது, கூடப் படிச்சவனா பூட்டான். வந்தத வெச்சுக்கறன். அடுத்த பாவு வர்ற திங்கக்கெழம போடறேன். அன்னிக்கு இது தெருவுல கீதுன்னா அட்ச்சி பொதைச்சிடுவேன். உன்கிட்ட சொல்லிட்டுதான் பண்ணுவேன், அவ்ளோதான்.”

வீம்புக்குப் பேசுகிறவர் அல்ல. அவர் சொன்னால் அது நடக்கும்.

வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று வாசகருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. எங்கள் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, படியிறங்கினால் தெரு. படிக்கட்டுக் கம்பியில் கட்டிப் போட்டேன். கயிற்றைக் கடித்துப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் சரியாக நெசவாளி வீட்டு எதிரில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் தம்பி அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியை அதன் முதுகில் ஊற்றினான். தோல் வழன்று வந்தது. அதற்கு மருந்து தடவப் போன என்னைப் பார்த்து என் மனைவி, அவர் ஆசிரியை, எதையும் கேள்வியாகக் கேட்பவர், நீங்கள் சோறு போடாமல் இருந்திருந்தால் அது இப்போது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார். பதில் தெரிந்தும் எழுதாமல் வருகிற மாணவன் மாதிரி குனிந்து மருந்தைத் தடவினேன்.

ஊரில் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று கிளம்பினால், என் தொழில் குறுக்கே வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே, பாலிசி எடுத்தாச்சுங்க என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் அப்பா ஊரில் இல்லை என்றார் அப்பா.

கலசப்பாக்கத்துப் பக்கம் என் தங்கை வீடு. கிணறும் நிலமுமாக இடம் பெரிசு. நாயைச் சாக்கில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு போனேன். பஸ் ஒன்று ஹாரன் அடித்தபோது என் முழங்காலைக் கவ்வியது. ஆழமாக இல்லை, இப்போதெல்லாம் மனிதக் கடியோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியிருந்தது. தங்கை புருஷன் பார்த்துவிட்டு, கெடக்கட்டும் மச்சான், காவலுக்கு ஆச்சு என்றார். சாக்கை அவிழ்த்து நாயை வாசலில் விட்டேன். உள்ளே உட்கார்ந்து காபி குடித்தோம்.

அந்தக் காபிதான் தப்பு. வெளியே வந்தபோது வாசல் முழுக்க இறகு. கோழிகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. ஒன்று தலையில்லாமல் இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. குலதெய்வத்துக்கு நேர்ந்து விட்டிருந்த சேவல் நாயின் வாயில் இருந்தது. தங்கை புருஷன் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் குறுக்கே விழுந்தேன். அரிவாள் என்னைத் தவிர்த்து, தண்ணீர்க் குடத்தைப் பிளந்தது. அவர் செங்கல்லை எடுத்து வீசினார். நாயின் பின்னங்கால் தொடையில் பட்டு, அது மூன்று காலில் சுழன்று விழுந்தது. இன்னொரு செங்கல்லைத் தூக்கியவரின் காலை என் தங்கை பிடித்துக்கொண்டாள். நான் நாயை மறுபடி சாக்கில் அள்ளினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம் என்று உட்கார வைத்தார்கள். கோழிக்குழம்பு. அதே கோழிகள். வெட்ட வந்தவரே என் இலையில் ஈரலை எடுத்து வைத்தார். சாக்கு வாசலில் முனகிக்கொண்டிருந்தது. நான் இரண்டாம் முறை சோறு வாங்கினேன் என்பதை மறைக்கவில்லை.

அதன் பிறகு கையில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். டீக்கடையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. கண்ணமங்கலத்துக்கு முன்னால் ஏரிக்கரையோரம் பட்டி போட்டிருக்கும் ஒரு அம்மாவின் ஆடுகளை நாய்க்கூட்டம் வந்து வந்து கிழிக்கிறதாம், சண்டைக்கு நிற்கிற நாயாக ஒன்று தேடுகிறாராம். சாக்கைத் தூக்கினேன். அந்தம்மாவுக்கு என் வயதிருக்கும். அவரும் அவர் தம்பியும் மட்டும்தான். நாயைச் சாக்கிலிருந்து கவிழ்த்ததும் சுற்றி வந்து பார்த்தார். கிழிந்த காது, வெந்த முதுகு, வீங்கிய தொடை.

“இத்தினி அடி வாங்கிகினு உயிரோட கீது. திருப்பி அடிக்குமா?”

அடிக்கும் என்றேன். கோழி விஷயத்தைச் சொல்லவில்லை. முக்கியமான உண்மையை மறைத்தால் பாலிசி செல்லாது என்று ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறவன் நான்.

அந்தம்மா தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தம்பி தன் கையிலிருந்த தடியால் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். எனக்கு ஒரு கணம் ஏரிக்கரையே வெள்ளையாகத் தெரிந்தது. சும்மா பார்த்தோங்க, சோறு போட்டவரை அடித்தால் சண்டைக்கு வருதான்னு, என்று அவர் மரியாதையாக விளக்கினார். வரவில்லை. நாய் மாட்டுவண்டிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டு, அடுத்தது தனக்குத்தான் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டது.

“ஆளுக்கு வரல” என்றார் அந்தம்மா. “ஆடு திரும்பி வரட்டும், பாக்கலாம். அதுக்கும் வரலன்னா நீங்களே எடுத்துகினு பூடுங்க.”

எடுத்துக்கொண்டு போக எனக்கு இடமில்லை. விடிந்தால் பாவு.

வெயில் சாய்ந்து ஆடுகள் கரையிறங்கி வந்தபோது கூடவே அவையும் வந்தன. ஐந்தாறு நாய்கள், குரைக்காமல், வரிசையாக. பின்தங்கிய ஆட்டுக்குட்டியொன்றைப் பெரிய கறுப்பு நாய் கழுத்தில் பிடித்து இழுத்தது. குட்டி குழந்தை மாதிரி கத்தியது. நான் மாட்டுவண்டியின் மேல் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்குக் கீழே இருந்து செம்பட்டை நிறம் ஒன்று கிளம்பிப் போனது, மூன்று காலில்.

கறுப்பு நாயின் தொண்டையைக் கவ்வியது. இரண்டும் புழுதியில் உருண்டன. மற்றவை இதன் வெந்த முதுகில் பல்லை வைத்துப் பிய்த்தன; தோல் பட்டையாக உரிந்து தொங்கியது. கவ்விய வாயை இது திறக்கவே இல்லை. அந்தம்மா கல்லால் எறிந்துகொண்டே ஓடினார். தம்பி தடியை இறக்கியதில் ஒரு நாயின் இடுப்பு ஒடிந்த சத்தம் வண்டிவரை கேட்டது. அது முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு போனது, அவர் விடாமல் பின்னாலேயே போய் முடித்தார். கறுப்பு நாய் அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கிய பிறகும் இது விடவில்லை. தம்பி தடியை வாய்க்குள் கொடுத்து நெம்பித்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

குட்டி பிழைக்கவில்லை. அந்தம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு, கத்தியை எடுத்து, மிச்சமிருந்த துடிப்பை நிறுத்தினார். பிறகு அதே கையோடு மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொண்டுவந்து நாயின் முதுகில் அப்பினார். அதன் மேலுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. குட்டியின் குடலை எடுத்து அதன் முன்னால் போட்டார். கிழிந்த உதட்டோடு நாய் தின்றது.

“இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். நான் வண்டியிலிருந்து இறங்க தம்பி கை கொடுத்தார்.

மறுநாள் காலையில் பாவு கிடந்தது. நெசவாளி வெளியே வந்தார். தெருவைப் பார்த்தார், ஸ்கூட்டருக்கு அடியில் பார்த்தார், கஞ்சி தெளிக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு எனக்கு ஒரு பெருமிதம் வந்துவிட்டது. ஓர் உயிரைக் காப்பாற்றியவன் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அவ்வப்போது ஸ்கூட்டரில் பிஸ்கட் வாங்கிக்கொண்டு கண்ணமங்கலம் போனேன். நாய் ஒருமுறையும் கண்ணில் படவில்லை. ஆடுகளோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பிஸ்கட்டை மாட்டுவண்டியின் மேல் வைத்துவிட்டு வருவேன். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, கிளம்பும் நேரத்தில் அந்தம்மா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று எண்ணி, பரவாயில்லை என்று சொல்ல நான் ஆயத்தமாக இருந்தேன்.

“தப்பா நெனைக்காதீங்க. உங்க வண்டி சத்தம் கேட்டாவே அது வைக்கப்போருக்குள்ள பூந்துக்குது, நீங்க போயும் ரெண்டு நாளு சோறு துன்ன மாட்டேங்குது. நீங்க வந்தா அடி விழப்போவுதுன்னு அதுக்கு நெனப்பு. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”