மாமாவின் மோட்டார் சைக்கிளும் ஒரு கம்பளியும்

என் தாய்மாமன் மாட்டு டாக்டரின் கீழ் ஊசி போடுகிற வேலையில் இருந்தார். சேந்தமங்கலத்தைச் சுற்றி, கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் எந்த ஊரில் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டாலும் மருந்தோடு அவர்தான் போக வேண்டும். சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பட்டி காலியாகிவிடுகிறது என்று சொல்லி, ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அப்புச்சி, அதாவது என் அம்மாவின் அப்பா, வெள்ளிக்கிழமை தோறும் அதன் விளக்குக்குச் சந்தனம் வைக்கச் சொன்னார். ஆனால் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. குதிரையைப் போல் கத்தியும் புல் தின்னாத ஒன்றை எப்படி நம்புவது என்பது அவருடைய கட்சி.

அந்த வருஷம் அம்மா பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். கூடவே நானும். நாங்கள் வந்த கொஞ்ச நாளில் மாமாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அத்தை ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். நாங்கள் 'ஊடு' என்றால் அவள் 'வீடு' என்பாள். நாங்கள் 'வாரேன்' என்றால் அவள் 'வரேன்' என்பாள். அவள் பேசுவதைக் கேட்கவே நான் அவள் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன். புதுப் பெண்டாட்டியைக் கோயிலுக்கு உட்கார வைத்து அழைத்துப் போக, மாமா நாமக்கல்லில் சொல்லிச் செய்து, வண்டியின் பின்னால் ஒரு சீட்டும் பூட்டியிருந்தார்.

கல்யாணம் முடிந்த மறு வாரத்திலிருந்து வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. சாயங்காலம் நன்றாக ஓடி வரும். விளக்கு பளீரென்று எரியும். விடிந்து பார்த்தால் விளக்கில் ஒரு சிவப்புக் கோடுதான் தெரியும், ஹாரன் தொண்டை கட்டியவனைப் போல் முனகும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைப்பார். உதைத்து உதைத்து அவர் வேர்த்துப்போவாரே தவிர வண்டிக்குச் சூடு பிறக்காது. அந்த வண்டிக்கு பேட்டரியில் சார்ஜ் இருந்தால்தான் என்ஜினுக்குப் பொறி கிடைக்கும்.

பேட்டரியைச் சைக்கிளில் கட்டி நாமக்கல் பஸ் ஷெட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் செத்துக் கிடந்தது. பேட்டரி பழசு, உள்ளே தகடு போய்விட்டது என்று சொன்னார்கள். புது பேட்டரி வந்தது. அதுவும் ஒரே ராத்திரியில் தீர்ந்துபோயிற்று.

அதோடு அப்புச்சிக்குக் காரணம் விளங்கிவிட்டது.

"பழசும் போச்சு, புதுசும் போச்சு. அப்ப பேட்டரி மேல குத்தமில்ல. அந்தப் புள்ள ஊட்டுக்குள்ள காலெடுத்து வெச்ச நாள்ல இருந்துதான் இது நடக்குது" என்றார் மாமாவிடம். அத்தை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது.

"அப்படியெல்லாம் இல்லீங்கப்பா" என்றார் மாமா. ஆனால் அந்த வாரம்தான் அவர் போய்ச் சேரத் தாமதமாகி அடிவாரத்தில் ஒரு பட்டி மாடுகளே செத்து விழுந்திருந்தன. மேலதிகாரி கடுமையாகப் பேசியிருந்தார். மாமாவின் குரலில் பலம் இல்லை.

அப்புச்சி பண்ணையத்து ஆள் ஒருவரைக் கூப்பிட்டு ஆத்தூருக்கு அனுப்பினார். "எங்க சம்பந்தி கிட்டச் சொல்லு. வந்து மகளக் கூட்டிட்டுப் போயி கொஞ்ச நாள் வெச்சிருக்கட்டும். நேரம் நல்லா வந்தா நாங்களே சொல்லி உடறோம்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. அத்தைக்கு லீவு கிடைத்துவிட்டது. என்னையும் கூட்டிப் போவாளா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

மறுநாள் மாமா செத்த வண்டியின் முன்னால் குந்தியிருந்தபோது, அத்தை அவருக்கு மோர் கொண்டுவந்தாள். சொம்பைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? பானையில தண்ணி குறைஞ்சா, பானை ஒழுகுதா, இல்ல யாராச்சும் மொண்டு குடிக்கிறாங்களான்னு பாக்கணும் இல்லீங்களா? பானையைத் தனியா எடுத்து வெச்சுப் பாருங்களேன்."

மாமா மோரைக் குடிக்காமல் அவளையே பார்த்தார். பிறகு பேட்டரியைக் கழற்றிக்கொண்டு அந்த நிமிஷமே நாமக்கல்லுக்குச் சைக்கிளில் கிளம்பினார்.

சார்ஜ் ஏற்றி வந்த பேட்டரியை அன்று வண்டியில் மாட்டவில்லை. நெல் குதிருக்குப் பக்கத்தில் ஒரு பலகை மேல் வைத்தார். காலையில் எடுத்து மாட்டி உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி கத்திய கத்தலில் கட்டுத்தறியில் எருமைகள் மிரண்டன. அப்படியென்றால் பானை நல்ல பானை. குடிப்பது வண்டிதான்.

மாமா என்ஜினை நிறுத்தினார். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து ஒயரைக் கழற்றி, மறுபடி லேசாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் அணைந்திருக்கையில் மின்சாரம் எங்கேயும் போகக் கூடாது. போனால் தொடும் இடத்தில் பொறி தெறிக்கும். ஆனால் வெயில் ஏறிவிட்டது. பொறி இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

"இருட்டுக் கட்டிப் பாக்கலாங்க" என்றாள் அத்தை. உள்ளே போய் ஆட்டுக்காரர்கள் போர்த்துகிற கருப்புக் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து வண்டியின் மேல் போர்த்தினாள். மாமா அதற்குள் நுழைந்தார். ஒரு கை ஒயரைப் பிடிக்க, ஒரு கை கம்பளியைப் பிடிக்க, பொறியைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அத்தையும் நுழைந்தாள். ஓரத்தை மண்ணோடு அழுத்திப் பிடிக்கிற வேலை எனக்கு.

"தெரியுது. ஊசி மொனை மாதிரி" என்றது அத்தையின் குரல்.

"விளக்கு ஒயர உருவிட்டேன். இப்ப?"

"இப்பவும் தெரியுது."

அந்தச் சமயத்தில்தான் அப்புச்சி சோளக் காட்டிலிருந்து வந்தார். பட்டப்பகலில், வாசலில், ஒரு கம்பளி அசைந்துகொண்டிருந்தது. அதற்கு வெளியே நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே மாமாவும் அத்தையும் கிசுகிசுவென்று பேசுவது கேட்டது. அப்புச்சி ஒரு கணம் நின்றார். என்னைப் பார்த்தார். "ஏனுங்க அப்புச்சி, சத்தம் போடாதீங்க, இருட்டு போயிரும்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பிக் கிணற்றுப் பக்கம் போய்விட்டார். கதவோரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"ஹாரன் ஒயர உருவிட்டேன். இப்ப பாரு."

கம்பளிக்குள் ஒயரைத் தொட்டுத் தொட்டு எடுக்கிற சத்தம் கேட்டது.

"இல்லீங்க. பொறி நின்னுபோச்சு."

கம்பளி பறந்துபோய் மண்ணில் விழுந்தது. மாமா ஹாரன் ஒயரைப் பிடித்துக்கொண்டே அது போன வழியில் விரலை ஓட்டினார். விரல் புதுச் சீட்டுக்கு அடியில் போய் நின்றது. சீட்டைப் பூட்டிய போல்ட்டு ஒயரை நசுக்கிக்கொண்டிருந்தது. மேலே சுற்றியிருந்த துணி உறை நைந்து, உள்ளிருந்த கம்பி இரும்பை உரசியும் உரசாமலும் இருந்தது. முழுதாக ஒட்டியிருந்தால் ஒயர் கருகி அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். இது ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடித்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் அப்புச்சி சொன்னது ஒரு வகையில் சரிதான். அத்தை வந்ததால்தான் வண்டி கெட்டது. அவளுக்காகப் போட்ட சீட்டுதானே அது.

ஒயரைச் சுற்றிப் புது நாடா ஒட்டி, வேறு வழியாகக் கொண்டுபோய் மாமா பூட்டினார். அன்று ராத்திரி பேட்டரி வண்டியிலேயே இருந்தது. விடிந்ததும் வீட்டில் இருந்த எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். அப்புச்சி மட்டும் எதேச்சையாக அந்தப் பக்கம் வந்தவரைப் போல் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். மாமா ஒரே ஒரு உதைதான் கொடுத்தார். வண்டி பிடித்துக்கொண்டது. மாமா ஹாரனை விடாமல் அழுத்தினார். அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அன்று அடிவாரத்தில் ஊசி போட்ட பட்டியில் ஒரு மாடுகூடச் சாகவில்லை என்று பின்னால் மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டொரு நாள் கழித்து ஆத்தூரிலிருந்து அத்தையின் அப்பா கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்திருந்தது. வண்டியிலிருந்து இறங்கியவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்புச்சி எழுந்து போய் அவர் கையைப் பிடித்து, நேராக மோட்டார் சைக்கிளிடம் கூட்டிப் போனார்.

"இங்க பாருங்க மச்சான், இந்த போல்ட்டு. நாமக்கல் ஷெட்டுக்காரனுக்குத் தெரியல. என்ற மகனுக்குத் தெரியல. எங்க மருமக கண்டுபுடிச்சா."

சம்பந்தி அந்த போல்ட்டை வெகு நேரம் பார்த்தார். "ஆமாங்க, ஆமாங்க" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்து நான் விசிறி எடுத்து வந்து கொடுத்தேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் அவர் கிளம்பிவிட்டார். அத்தை வாசலில் நின்று, "பாத்துப் போங்கப்பா" என்றாள். வெற்று வண்டி தடதடவென்று ஆடிக்கொண்டு போயிற்று. அவர் நுகத்தடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மாடுகளிடம் ஏதோ உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். அத்தனை தூரம் வந்துவிட்டு, மகளை விட்டுவிட்டு, வெறும் வைக்கோலோடு திரும்புகிற மனிதருக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, ஆத்தூர்க்காரர்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு விளையாடப் போய்விட்டேன்.