கண்ணாடிக்கு ஒரு பங்கு

பைனாகுலர் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. என் மனைவி இதைக் கல்யாணமான முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டாள். வந்தவர் யாராவது அதைக் கையில் எடுத்து, "இதுல இன்னா சார் தெரியும்?" என்று கேட்டால் மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுடைய அண்ணன் எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அங்கேதான் நான் மாட்டினேன்.

நான் தியாகதுருகத்தில் பள்ளிக்கூட வாத்தியார். குடியிருப்பது மனைவி பிறந்த வீட்டின் மாடியில். வாடகை கிடையாது, அதற்குப் பதிலாக மற்ற எல்லாம் உண்டு. மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதிலிருந்து நான் மீசையை எந்த அளவுக்கு வெட்டலாம் என்பது வரைக்கும் மச்சானுக்கு ஒரு கருத்து இருக்கும். கெட்ட மனிதர் இல்லை. அப்பா போன பிறகு தங்கைக்கு ஒரு குறையும் வைக்காதவர். அதை நினைத்தாலே எதிர்த்து ஒரு வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் பறவை பார்க்கப் போய்விடுவேன். அந்த நாலைந்து மணி நேரம் நான் யார் வீட்டு மாப்பிள்ளையும் இல்லை. மற்ற ஆறு நாளையும் அதை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மச்சானுக்கு மலையடிவாரத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் உண்டு. "பன்னித் தொல்ல ஜாஸ்தியா இருக்குது மாப்ள. காவலுக்கு ஒரு பைனாகுலர் வாங்கணும். ஆறாயிரத்துக்கு மேல போவக்கூடாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார்.

காவலுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை அவரும் கூட்டாளிகள் நாலு பேரும் மலையேறுவார்கள். அதில் ஒருவரிடம் நாட்டுத் துப்பாக்கி உண்டு. மறுநாள் கீழே மிளகு வறுபடும் வாசனை மாடிக்கு வரும். நான் பல்வலி என்று சொல்லிச் சாப்பிடாமல் தப்பித்துக்கொள்வேன். மாமியார் எனக்கென்றே கிராம்பு வாங்கி வைத்திருந்தார்.

மச்சான் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். "இது எப்படி? அம்பது மடங்கு காட்டுமாம். லென்சு பாருங்க, சும்மா செவசெவன்னு இருக்குது. ரெண்டாயிரம்தான். உங்களது எத்தினி?"

"எட்டு."

"எட்டுதானா!" என்று என்மேல் பரிதாபப்பட்டார்.

அதையே வாங்கச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அந்த மாதிரி சாமானில் எதைப் பார்த்தாலும் ஆடும். வெயில் இறங்கிவிட்டால் மரமும் மானும் ஒரே கறுப்பு. மான் பிழைத்துப் போயிருக்கும், நானும்தான். "பிரமாதம் மச்சான்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இத்தனை வருடம் இதைக் கட்டிக்கொண்டு அழுதவனுக்கு அந்தப் பொய் வரவில்லை. "அது குப்பை" என்றேன்.

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினேன். மடங்கு ஏற ஏறக் கை நடுக்கமும் அதே அளவுக்கு ஏறும் என்றேன். எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று போட்டிருந்தால், எட்டு என்பது மடங்கு, நாற்பத்திரண்டு என்பது முன் லென்சின் அகலம். அந்த அகலத்தில்தான் வெளிச்சம் உள்ளே வரும், அந்தி வெளிச்சத்தில் காப்பாற்றுவது அதுதான் என்றேன். சிவப்பு லென்சு வெறும் பகட்டு என்றேன். ஆறாயிரத்துக்குப் புதிதில் சுமாரானதுதான் கிடைக்கும், பழையதில் தேடினால் அருமையானது அமையும் என்றும் சொன்னேன். மச்சான் பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி குறித்துக்கொண்டார். அந்த வீட்டில் நான் சொல்லி ஒருவர் குறித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சின்னசேலத்தில் ரயில் ஏறி இரண்டு பேரும் சேலம் போனோம். கேமரா பழுது பார்க்கும் கடை ஒன்றில் பழைய பைனாகுலர்கள் நாலைந்து இருந்தன. ஒவ்வொன்றையும் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண் வைக்கிற பக்கம் தெரியும் வெளிச்சப் பொட்டு முழு வட்டமாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தவற்றை ஒதுக்கினேன். ஒரு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லி, அது ஒன்றாகத் தெரிகிறதா இரண்டாகப் பிரிகிறதா என்று மச்சானைக் கேட்டேன். கடைசியில் ஒன்று மிஞ்சியது. உடனே வாங்க விடவில்லை. பொழுது சாயட்டும் என்று கடைக்காரரைக் காக்க வைத்தேன். எதிர்ச்சாரியில் பூட்டிய கடையின் பலகையில் பெயின்டர் தன் பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார். வெறும் கண்ணுக்குப் பலகையே மங்கிவிட்ட நேரத்தில் மச்சான் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "யப்பா, பட்டப்பகலாட்டம் தெரியுது மாப்ள!"

திரும்பும்போது ரயிலில் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, பக்கத்து இருக்கைக்காரரிடம், "நம்ம மாப்ளங்க. இந்த விசயத்துல இவர அடிச்சிக்க ஆள் கெடையாது" என்றார். நான் சந்தோஷப்பட்டேன். அதை இப்போது எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் மச்சான் தேக்கிலைப் பொட்டலத்தோடு மாடிக்கு வந்தார். வேட்டைக் கறியைப் பிரிப்பதில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு: ஆளுக்கு ஒரு பங்கு, துப்பாக்கிக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு. நாயின் பங்கு நாய்க்காரருக்குப் போகும்.

"இது நம்ம பைனாகுலர் கண்ணாடிக்குப் பங்கு. தேடி எடுத்தது நீங்க, அதனால உங்களுக்குத்தான்னு பசங்க சொல்லிட்டானுங்க. மசமசன்னு இருட்டிக்கினு வர்ற நேரம் மாப்ள. பொதர்ல காது ஆடுனதுகூடத் தெரிஞ்சிது."

"மானா?"

"பொட்ட மான்."

எனக்குப் பல்வலி என்றேன். மச்சான் சிரிக்கவில்லை. "வேணான்னு சொல்லாதீங்க. பங்கு வாங்காத ஆளு எங்கியாவது வாயத் தொறந்துடுவான்னு அவனுங்களுக்கு ஒரு பயம். என்னயத்தான் கேப்பானுங்க."

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு பொட்டலத்தை வாங்கினாள். மதியம் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கொல்லையில் கை கழுவும்போது அழுகை வந்தது.

அடுத்த வாரம் வனக்காவலர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஞாயிறுதோறும் சோதனைச் சாவடியில் எனக்குத் தேநீர் கொடுக்கிறவர்.

"ஓடையில மான் தோலு கெடந்துச்சுங்க சார். போன வாரம் ஒரு நாளு சாயங்காலம் பாறை மேல ஒர்த்தர் பைனாகுலரோட நின்னுக்கினு இருந்தாருன்னு ஆடு மேய்க்கிற அம்மா சொல்லுது. நீங்கதானுங்களே சார்?"

அவர் கேள்வியில் சந்தேகமே இல்லை. இல்லை என்று சொன்னால், வேறு யாரிடம் பைனாகுலர் இருக்கிறது என்று தேடுவார். தேடினால் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்து சேர அரை நாள் போதும். "நான்தாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப சுட்டவங்களப் பாத்திருப்பீங்களே சார்!"

இதை நான் யோசிக்கவில்லை. "பாக்கலீங்க" என்றேன்.

"வெடிச் சத்தம்?"

"கேக்கலீங்க."

அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. அதையே எழுதித் தரச் சொன்னார். கோடு போட்ட தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை மடித்துப் பையில் வைத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இனிமே ஞாயித்துக்கெழமைல மேல வராதீங்க சார். நீங்க வந்தா நான் நிறுத்த வேண்டி வரும். எனக்கும் சங்கடம்."

சாயங்காலம் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க எல்லார் குடும்பத்தையும் காப்பாத்திட்டீங்க மாப்ள" என்றார். கையை விடாமலே மேலும் சொன்னார்:

"மலைக்குப் போவாம உங்களால இருக்க முடியாது. எனக்குத் தெரியாதா? கொஞ்சம் அடங்கட்டும், எங்ககூடவே வந்துடுங்க. நாங்க போற தடத்துல செக்போஸ்ட் கெடையாது. அந்தக் கண்ணாடிய உங்க அளவுக்குப் பாக்கவும் எங்களுக்குத் தெரியல."

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எத்தினி மணிக்குக் கெளம்புவீங்க?" என்று கேட்டேன்.