எனக்காக மகள் சொன்ன பொய்

நாங்கள் சிட்னிக்குக் குடிவந்து ஆறாவது வருடம் நடந்தது இது. அங்கே கிரவீன் என்ற பகுதியில் வீடு. சனிக்கிழமைதோறும் மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. மனைவி நர்ஸ், சனிக்கிழமைகளில் அவளுக்கு டியூட்டி இருக்கும்.

ஒரு ரகசியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்கு நாக்பூரில் ரயில்வே வேலை. பள்ளியில் நான் படித்ததெல்லாம் இந்தியும் ஆங்கிலமும்தான். ஆனால் வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். "எங்களுக்குப் பூர்வீகம் மதுரைப் பக்கம்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் தமிழில் எது வந்தாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவேன். ஒருமுறை அப்படிக் காட்டியது யாரோ இறந்துபோன செய்திக்கு. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதும் நான் திருந்தவில்லை. மகள் வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் மட்டும், "தமிழ்ப் பொண்ணுக்குத் தமிழ் படிக்க வலிக்குதா?" என்று திட்டுவேன். அவள் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மகளின் டீச்சருக்கு உடம்பு சரியில்லை. பள்ளிக்கூடத்தை நடத்தும் யாழ்ப்பாணத்து அன்ரி, வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒரு மணித்தியாலம் இந்தப் பிள்ளையளைப் பாருங்கோ. இந்தக் கதையை வாசிச்சுக் காட்டினாப் போதும்" என்று புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மதுரைக்காரன் ஆயிற்றே!

வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். எல்லோருக்கும் எட்டு வயது இருக்கும். ஆளுக்கொரு புத்தகம். என் மகள் இரண்டாவது வரிசையில் இருந்தாள். புத்தகத்தில் நல்லவேளையாகப் படம் இருந்தது. ஒரு யானை, ஓர் ஆறு, கரையில் ஒரு கிழவர். அது போதுமே! யானைக்கு ஜுரம் என்றேன். கிழவரை வைத்தியராக்கினேன். வரிகளின்மேல் கண்ணை ஓட்டுவதுபோல் ஓட்டி, பக்கத்தையும் புரட்டினேன்.

வரிக்கு அடியில் விரல் வைத்துக்கொண்டே வந்த முன்வரிசைப் பையன் ஒருவன் நிமிர்ந்தான். "அங்கிள், புத்தகத்தில் அப்படி இல்லையே" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகளின் குரல் வந்தது. "எங்கப்பாவுக்கு அந்தக் கதை தெரியும். வேணும்னுதான் மாத்திச் சொல்றார்" என்று அவளும் ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பென்சிலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அப்படியானால் அவளுக்குத் தெரியும். எத்தனை நாளாகவோ தெரியும். நான் திட்டிய ஒவ்வொரு தடவையும் தெரிந்தேதான் பேசாமல் நோட்டை எடுத்திருக்கிறாள். இப்போது என் மானத்தைக் காப்பாற்ற, தன் சிநேகிதர்கள் முன்னால் பொய் சொல்கிறாள்.

புத்தகத்தை மூடினேன். "அவ சொன்னது நிஜமில்லை. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் கத்துக்கவே இல்லை" என்றேன்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நாங்க படிக்கிறோம், நீங்க கேளுங்க" என்றான். ஆளுக்கொரு பக்கமாக, தட்டுத்தடுமாறிப் படித்தார்கள். யானைக்கு ஜுரமெல்லாம் இல்லையாம். கிழவருடைய வாழைத்தாரைத் தின்ன வந்ததாம். மகளின் முறை வந்தபோது ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் அன்ரியிடம் நானே போய்ச் சொன்னேன். "ஓம் தம்பி, அதுக்கென்ன. வாற கிழமை நீங்களும் வாங்கோ. சின்னப் பிள்ளையளின்ர வகுப்பில ஒரு கதிரை போட்டு விடுறன்" என்றார், சர்வசாதாரணமாக.

அடுத்த வாரமே போனேன். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு, அந்தக் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க, ஒன்றரை வருடம் உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் மற்ற பெற்றோர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது கூச்சத்தில் குனிந்துகொண்டேன். பிறகு நானே கை காட்ட ஆரம்பித்தேன். தெரியாததை மறைக்க இத்தனை வருடம் பட்ட பாட்டில் பாதிகூட இல்லை, அதைக் கற்றுக்கொள்ளப் பட்ட பாடு.

இதை நானே தமிழில் எழுதி, மகளிடம்தான் முதலில் காட்டினேன். பதினோரு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தாள். எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. என் குறையை நான் ஒத்துக்கொண்ட அந்த நாளுக்குப் பிறகு, எனக்காக ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டிய நிலை என் பெண்ணுக்கு வரவில்லை.